முன்னாள் ஒற்றன், இந்நாள் வணிகன்: லிஸ்பன் கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் நாவல் வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். களம் 1493, லிஸ்பன். நாயகன் மதேரா சர்க்கரையும் கினியா தந்தமும் வாங்கி விற்கும் வணிகன்; ஒரு காலத்தில் அரண்மனைக்கு ஒற்று வேலை பார்த்தவன். சூழ்ச்சிக்காரன். நடையும் நன்றாகவே இருந்தது. பதினான்காம் பக்கத்தில் நள்ளிரவு. கதவு தட்டும் ஓசை. வெளியே கறுப்பு அங்கியில், திருச்சபைக்கு மாறான நம்பிக்கை உள்ளவர்களைத் தேடித் தண்டிக்கும் மத விசாரணை மன்றத்தார். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் நாவலும் இதே கதவில்தான் முட்டி நின்றது.

இந்தக் களத்தைத் தொடும் புதியவர்கள் ஆறேழு பேரின் வரைவுகளை இதுவரை படித்திருக்கிறேன். நான் விழுந்த அதே குழிகளில் ஒவ்வொருவரும் விழுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். 1490களின் சாப்பாட்டு மேசையில் தக்காளியும் தேநீரும் வைக்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம்.

1536க்கு முன் அந்தக் கதவைத் தட்ட வைப்பது

என் வரைவு இருநூற்று நாற்பது பக்கம், எட்டு மாத உழைப்பு. நாயகனுடைய பழைய ரகசியம் ஒன்று எதிரியிடம் சிக்கிக்கொள்கிறது. "விசாரணை மன்றத்திடம் சொல்லிவிடுவேன்" என்று அவன் மிரட்டுகிறான். கதையின் அத்தனை முடிச்சுகளும் அந்த ஒரு மிரட்டலில் தொங்கின. வரைவைப் படித்த ஒரு வரலாற்று ஆசிரியை, அந்த மிரட்டல் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "1536" என்று மட்டும் எழுதி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

போர்த்துகலில் மத விசாரணை மன்றத்துக்குப் போப்பின் ஆணை கிடைத்தது 1536இல், மன்னர் மூன்றாம் ஜொவாவோ காலத்தில். லிஸ்பனில் முதன்முதலாகப் பொது இடத்தில் தீர்ப்பு வாசித்துத் தண்டனை கொடுத்தது 1540இல். 1480களிலேயே மன்றம் நடத்தியது ஸ்பெயின். நாம் படிப்பது பெரும்பாலும் ஸ்பெயின் கதை; எழுதுவது போர்த்துகல் கதை. இரண்டும் ஒரே தீபகற்பம், பக்கத்து வீடு என்பதால் அந்த வீட்டுப் பேயை இந்த வீட்டில் உலவ விட்டுவிடுகிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "சரி, கதையை 1536க்குத் தள்ளிவிடுகிறேன்." தள்ள முடியாது. உங்கள் ஆள் இரண்டாம் ஜொவாவோவின் ஒற்றன். அந்த மன்னர் இறந்தது 1495இல். 1484இல் இருபத்தைந்து வயதில் ஒற்று பார்த்தவனுக்கு 1536இல் எழுபத்தேழு வயது. நானும் இப்படித்தான் ஆண்டை மட்டும் மாற்றிப் பார்த்து இன்னும் இரண்டு மாதத்தைத் தொலைத்தேன்.

ஆண்டுக் கணக்கு தப்பியது கூடப் பெரிய நஷ்டமில்லை. அந்தக் கறுப்பு அங்கிகள் உண்மையான பயத்தை மறைத்துவிடுகின்றன என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். உங்கள் நாயகன் "முன்னாள்" ஒற்றன் என்கிறீர்களே, ஏன் முன்னாள்? வரைவுகளில் எல்லாம் அவனுக்கு வேலை அலுத்துப்போகிறது, அல்லது காதல் வருகிறது. வரலாற்றில் அதற்குக் கிடைக்கும் காரணத்தை எந்தக் கற்பனையாலும் மிஞ்ச முடியாது.

இரண்டாம் ஜொவாவோ 1481இல் பட்டத்துக்கு வந்ததும் பெரும் பிரபுக்களை அடக்கத் தொடங்கினார். 1483இல் நாட்டின் மிகப் பெரிய பிரபுவான பிரகான்சா ஃபெர்னாந்துவை எவோரா நகரில் தலை வெட்டிக் கொன்றார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில், சதி செய்தார் என்று விசேயு பிரபு தியோகுவை செதுபால் நகருக்கு வரவழைத்து மன்னரே தன் கையால் குத்திக் கொன்றார். தியோகு வேறு யாருமில்லை, ராணி லியோனோரின் உடன்பிறந்த சகோதரர், மன்னருக்கே மைத்துனர். சதியைக் காட்டிக்கொடுத்தவர்களும் வெளியாட்கள் அல்ல. ஒருவர் தியோகு தினோகு; அவருடைய தங்கை, சதியில் இருந்த எவோரா ஆயரின் ஆசைநாயகி. இன்னொருவர் வாஸ்கு கோத்தின்யு. அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரே சதிகாரர்களில் ஒருவர். அந்த ஆயரை பல்மேலா கோட்டையின் நீர்த்தொட்டிக் கிடங்கில் அடைத்தார்கள். உயிரோடு அவர் வெளியே வரவில்லை.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். மன்னரின் மகன் அஃபோன்சு 1491இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். முறையாகப் பிறந்த வேறு வாரிசு இல்லை. 1495 அக்டோபரில் மன்னர் அல்வோர் என்ற ஊரில் கண்மூடினார். பட்டத்துக்கு வந்தவர் மனுவேல். அவர் யார் தெரியுமா? பதினோரு வருஷத்துக்கு முன் குத்துப்பட்டுச் செத்த தியோகுவின் கடைசித் தம்பி. மறு வருஷமே பிரகான்சாவின் மகன் ஜைமெயை பக்கத்து ஸ்பானிய அரசான காஸ்தீலிலிருந்து திரும்ப அழைத்துப் பட்டத்தையும் சொத்தையும் கொடுத்தார்.

1483இலும் 1484இலும் அந்தக் குடும்பங்களுக்கு எதிராகத் துப்புக் கொடுத்தவன் 1496இல் கடைவீதியில் சர்க்கரை மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனால் தகப்பனை இழந்த பிள்ளை, பிரபுவாகத் திரும்பி அரண்மனைக்குள் நடக்கிறான். இதைவிடப் பயங்கரமான கதவுத் தட்டல் வேண்டுமா? அவன் வணிகனானது ஆசையினால் அல்ல, காக்க ஆளில்லாமல் போனதால். சூழ்ச்சி அவன் உயிருக்கு வேலி. இதை நான் கண்டுகொள்ளவே இல்லை. எட்டு மாதமும் இந்த உண்மை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

நாயகன் யூத வம்சத்தவன் என்றாலும் நிலவரம் வேறு மாதிரிதான். 1492இல் ஸ்பெயின் விரட்டிய யூதர்களைத் தலைக்கு எட்டு குருசாது (தங்கக் காசு) வாங்கிக்கொண்டு எட்டு மாத கெடு வைத்து உள்ளே விட்டது போர்த்துகல். 1496 டிசம்பரில் மனுவேல் வெளியேற்ற ஆணை போட்டார். 1497இல் வெளியேறவும் விடாமல் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பெயர் "புதுக் கிறிஸ்தவர்". அதே வருஷம் மன்னர் கொடுத்த வாக்குறுதி என்ன? இருபது வருஷத்துக்கு உங்கள் மத நம்பிக்கையை யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்பது. நீங்கள் எழுதுவதற்கு நேர் எதிர்! ஆனால் 1499இல் அனுமதியில்லாமல் அவர்கள் நாட்டை விட்டுப் போகத் தடை வந்தது. அவர்களோடு பணமாற்றுச் சீட்டு எழுதவும் தடை வந்தது. நம்மூர் வட்டிக்கடை மொழியில் உண்டியல் என்போமே, அந்தச் சீட்டு. உங்கள் வணிகனின் மூளைக்கு இங்கே வேலை இருக்கிறது: ஆளை அனுப்ப முடியாது, சீட்டையும் அனுப்ப முடியாது, பணத்தை வடக்கே ஆன்ட்வெர்ப் வணிக நகருக்குச் சேர்ப்பது எப்படி?

1506 ஏப்ரலில் லிஸ்பன் சாவோ தொமிங்கோஸ் தேவாலயத்தில் தொடங்கிய கலவரத்தில் புதுக் கிறிஸ்தவர்களை ஆயிரக்கணக்கில் கொன்று எரித்தார்கள். அதைச் செய்தது தெருக்கூட்டம், துறவிகள் சிலரின் தூண்டுதலோடு. எந்த மன்றமும் இல்லை, வழக்கேடும் இல்லை. ஏட்டில் பெயர் எழுதி வருஷக்கணக்கில் விசாரிக்கும் பயம் ஒன்று, நேற்று வணக்கம் சொன்ன பக்கத்து வீட்டுக்காரன் இன்று விறகு சுமந்து வரும் பயம் இன்னொன்று. முதலாவதை எழுதினால் இரண்டாவதில் செத்தவர்களுக்கு அநியாயம் செய்கிறோம்.

ஒற்றன் கையில் கத்தியைக் கொடுப்பது

கூரை மேல் ஓடுவதும் இருட்டில் கத்தி வீசுவதும் வரைவு தவறாமல் வருகின்றன. பிரகான்சா பிரபுவை வீழ்த்தியது ஒரு பெட்டி. பிரபுவின் கணக்கு வழக்குப் பார்த்த எழுத்தர் லோபு டி ஃபிகைரேது, சொத்துப் பத்திரம் தேடப் போன இடத்தில் காஸ்தீல் அரசோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் பார்த்தார். எடுத்து மன்னரிடம் காட்டினார். மன்னர் நகல் எடுக்கச் செய்தார். மூலக் கடிதங்கள் சத்தமில்லாமல் அதே பெட்டிக்குத் திரும்பின. ஒரு தலை விழுந்தது. அந்த எழுத்தர் ஏந்திய ஆயுதம் பெட்டிச் சாவி ஒன்றுதான். (அதைத் திறவுகோல் என்று எழுத வேண்டாம். சாவி என்பதே போர்த்துகீசியச் சொல். மேசையும் ஜன்னலும் அலமாரியும் அப்படித்தான். உங்கள் நாயகன் வாயில் வந்த சொல்லை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஏன் மாற்ற வேண்டும்?)

இன்னொரு ஒற்றனைப் பாருங்கள். பெரு ட கோவில்யா 1487 மே மாதம் சந்தாரெம் நகரிலிருந்து அஃபோன்சு ட பைவாவோடு புறப்பட்டார். கையில் 400 குருசாது. அதில் ஒரு பங்கை ஃபிளாரன்ஸ் வணிகர் பார்த்தலோமியோ மார்க்கியோனியிடம் கொடுத்து, வழியில் வாங்கிக்கொள்ளச் சீட்டாக மாற்றிக்கொண்டார்கள். ரோட்ஸ் தீவில் தேன் நிறைய வாங்கி, தேன் வணிகர்களாக அலெக்சாண்டிரியாவில் இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் கடும் காய்ச்சல். எப்படியும் சாகப்போகிறவர்கள் என்று அந்த ஊர் அதிகாரி சரக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டார். பிழைத்தெழுந்து, வேறு சரக்கு வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். கோவில்யா கண்ணனூர், கோழிக்கோடு, கோவா, ஓர்முஸ் எல்லாம் பார்த்துவிட்டு கெய்ரோ திரும்பி அறிக்கை எழுதி அனுப்பினார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டைக் காண்பதற்குச் சுமார் பத்து வருஷம் முன்பு! இந்த ஒற்றனுக்கு வணிகம் வேஷம்கூட இல்லை, வேலையே அதுதான். துறைமுகத்தில் எந்தச் சரக்கு எந்த விலை என்பதுதான் மன்னர் கேட்ட ரகசியம். ஆகவே உங்கள் ஆள் பழைய தொழிலை விட்டுப் புதுத் தொழிலுக்கு வந்தான் என்று எழுதாதீர்கள். அவன் கண்ணும் காதும் மாறவே இல்லை, சம்பளம் கொடுப்பவர்தான் மாறினார்.

ரகசியத்துக்கு வயது வைக்காமல் விடுவது

செய்தி அழுகும் சரக்கு. போர்த்துகீசியக் கடற்படைத் தலைவர் கப்ராலின் இந்தியக் கப்பல்களில் முதலில் திரும்பியது, மார்க்கியோனி பணம் போட்ட அனுன்சியாதா, 1501 ஜூன் 23 அன்று லிஸ்பனில் நங்கூரம் போட்டது. நான்கு நாள் கழித்து ஒரு வெனிசுக்காரர் லிஸ்பனிலிருந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். அது வெனிசு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் வெனிசுச் சந்தையில் பழைய விலைக்கு மிளகு கைமாறிக்கொண்டிருந்திருக்கும். உங்கள் வணிகன் அந்த ஒரு மாதத்துக்குள்தான் பணம் பண்ண வேண்டும். அவன் எப்போது தெரிந்துகொண்டான், எதிரிக்கு எப்போது தெரிய வரும் என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டி வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

வரைபடமும் இதே கதைதான். ஃபெராரா பிரபுவுக்காக அல்பெர்த்தோ காந்தினோ என்பவர் லிஸ்பனிலிருந்து ஒரு உலகப் படத்தை 1502இல் வெளியே கொண்டுபோனார். கொடுத்த விலை 12 தங்க துக்காத்து. இன்றும் மொதெனா நகரில் இருக்கிறது. 1504இல் மனுவேல் கடல்வழிகளைப் படத்தில் காட்டத் தடை போட்டார். அதற்குள் படம் இத்தாலியில்.

மிளகை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று நினைப்பது

தொடக்கப் பயணங்களில் தனி வணிகர்களும் பங்கு போட்டார்கள். 1506 வாக்கில் மிளகு அரசின் ஏகபோகமாகிவிட்டது. சரக்கு, அரசின் வணிக அலுவலகமான இந்தியா மாளிகைக்குள் போகும். அங்கே அரசு வைத்ததே விலை. உங்கள் ஆள் ரூவா நோவா கடைவீதியில் கூவி விற்க முடியாது. மொத்த ஒப்பந்தம், தவணை, ஆன்ட்வெர்ப்பில் அரசு முகவரிடமிருந்து வாங்கும் வரிசை: சூழ்ச்சி எல்லாம் அங்கேதான். பதிலுக்கு ஜெர்மன் செம்பும் வெள்ளியும் வர வேண்டும், அவை இல்லாமல் மலபாரில் மிளகு கிடைக்காது.

அடிமைகளை மறைப்பது

அந்தக் கால லிஸ்பனின் பெரிய வணிகர்களில் பலர் மனிதர்களை விற்றவர்கள். மேலே சொன்ன மார்க்கியோனியும் அதில் பெரும்புள்ளி. நாயகனைக் கெட்டிக்காரனாகக் காட்டுவதற்காகக் கணக்கேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

எல்லாருக்கும் "தோம்" போடுவது

பெயருக்கு முன்னால் போடும் மரியாதைப் பட்டம் அது. மன்னர் கொடுத்தால்தான் தோம். வாஸ்கோ ட காமாவுக்கே இந்தியா போய்வந்த பிறகுதான் கிடைத்தது.

பெலேம் கோபுரம்

லிஸ்பன் ஆற்றங்கரையில் நிற்கும் இந்தக் கோபுரம் 1514க்கு முன் இல்லை.

ஆற்றங்கரை அரண்மனை

மனுவேல் கட்டியது. ஜொவாவோவின் ஒற்றன் மலை மேல் கோட்டைக்கு ஏற வேண்டும்.

அந்தத் தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லி இதையெல்லாம் இரண்டு மணி நேரம் பேசினேன். முதலில் முகம் வாடிவிட்டது. "அண்ணே, இந்தப் பதினாலாம் பக்கம்தான் என் கதைக்கே உயிர்" என்றார். உயிரை எடுக்கவில்லை, மூன்று வருஷம் தள்ளி வைத்துப் பார் என்றேன். போன வாரம் புதுப் பக்கங்கள் வந்தன. 1496, லிஸ்பன், நள்ளிரவு, அதே கதவு. வெளியே நிற்பது ஒரு கிழட்டு எழுத்தர், பிரகான்சா வீட்டுப் பழைய ஆள். முன்பு இவனுக்குப் பெட்டியைத் திறந்துவிட்டவர். மழையில் நனைந்திருக்கிறார், உள்ளே வர மறுக்கிறார். "சின்னப் பிரபு எல்லையைத் தாண்டிவிட்டார்" என்று சொல்லி ஒரு சாவியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போகிறார்.