போனேரில் கரையிலிருந்தே டைவிங்: எங்கே, எவ்வளவு ஆழம்?

படகில்லாமல் ஸ்கூபா டைவ் அடிக்க கரீபியனில் போனேர் மாதிரி தீவு அபூர்வம். சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கல் தெரிந்தால் அங்கே இறங்கலாம். மேற்குக் கரையிலேயே இருங்கள். கிழக்கில் காற்றும் அலையும் ஓய்வதில்லை.

ஆழத்தைத் துரத்த வேண்டாம். பவளப்பாறை 10 மீட்டர் வாக்கிலேயே சரியத் தொடங்கிவிடும். மீனும் வெளிச்சமும் 18 மீட்டருக்குள் தாராளம். டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டரின் ஆழ எல்லையும் அதுதான். 1984இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பல் கிடக்கும் மணல்தரை சுமார் 30 மீட்டர் ஆழம். அதற்குத் தகுந்த பயிற்சி இருந்தால் போங்கள், அதையும் அன்றைய முதல் டைவாக வையுங்கள். பழக்கம் குறைவென்றால் கப்பலில் உப்பு ஏற்றும் துறையான சால்ட் பியரின் தூண்களே போதும், ஆழம் குறைவு. ஆனால் உப்புக் கப்பல் நிற்கும் நாளில் அங்கே இறங்கக் கூடாது.

‘தௌசண்ட் ஸ்டெப்ஸ்’ (ஆயிரம் படிகள்) என்ற டைவ் இடத்தின் பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், எழுபது படிகூட இருக்காது. சிலிண்டரோடு திரும்பி ஏறும்போதுதான் ஆயிரமாகத் தெரியும்!

நீரோட்டத்தை எதிர்த்து நீந்திப் போய், அதோடு திரும்புங்கள். கரையில் நிற்கும் வண்டியில் பணம், போன் எதுவும் வைக்காதீர்கள்.