தியலும அருவியின் உச்சிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தியலும என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஒரு படம்தான்: பாறை விளிம்பை ஒட்டிய குளத்தில் யாரோ நிற்க, பின்னால் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அந்தக் குளங்கள் அருவியின் தலையில் இருக்கின்றன. கொஸ்லந்தை – வெல்லவாய வீதியில் பஸ் இறக்கிவிடுவதோ அதன் காலடியில். நடுவே 220 மீட்டர் பாறை. இலங்கையின் இரண்டாவது உயரமான அருவி இது.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. வீதியோரம் இறங்கியவுடன் அப்படியே மேலே ஏறிவிடலாம் என்று நினைத்து வருகிறார்கள். கீழிருந்து ஏறும் பாதை செங்குத்தானது. வெயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். முதியவர்களோ சிறுபிள்ளைகளோ கூட வந்தால் அந்தப் பாதை வேண்டாம். கொஸ்லந்தையிலிருந்து மேட்டுப்பக்கம் ஓட்டோவில் போய், அங்கிருந்து மானாப்புல் வெளி வழியாக நடப்பது எவ்வளவோ இலகு. எந்தப் பக்கத்தால் போகப்போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது பருவம். நுவரெலியாவுக்குப் பொருந்தும் நாட்காட்டி தியலும இருக்கும் ஊவா மாகாணத்துக்குப் பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நுவரெலியா, ஹட்டன் பக்கத்தை நனைக்கும்போது, மலையின் மறுபுறமான இந்தப் பகுதி காய்ந்திருக்கும். இங்கே பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஆண்டு முடிவையும் தாண்டும். படத்தில் பார்த்த பொங்கும் அருவி வேண்டுமென்று அந்த மாதங்களில் வந்து, குளத்திலும் இறங்க ஆசைப்படுவது பெரிய ஆபத்து. இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. என்னைக் கேட்டால் பெப்ரவரி, மார்ச் தொடக்கம் நல்லது. தண்ணீரும் ஓரளவு இருக்கும், பாறையும் காய்ந்திருக்கும்.

சரி, நல்ல மாதத்தில் வந்தாயிற்று, வானமும் வெளுத்திருக்கிறது. அப்போதும் ஒன்றை மறந்துவிடுகிறோம். இங்கே விழும் தண்ணீர் இங்கே பெய்த மழை அல்ல. பூனாகலை ஓயா மேலே உள்ள மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. அங்கே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகிவிடும். விளிம்புக்குப் பக்கத்துக் குளத்தில் இருப்பவருக்கு ஒதுங்க நேரம் இராது. தெளிந்த நீர் கலங்கல் நிறம் எடுத்தால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால், உடனே கரையேறுங்கள். படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். திரும்பும் பாதை இருக்கும் கரையிலேயே பைகளை வையுங்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் ஆற்றைக் கடக்க முயலாமல் நீர் வடியும்வரை மேட்டில் இருங்கள். முழங்காலளவு வேகநீரே ஆளைச் சாய்த்துவிடும்.

புறப்படும் முன் வானிலை அறிக்கையோடு மண்சரிவு எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பகுதிவாரியாக அதை வெளியிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று தொடர்மழைக்குப் பின் இதே கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களையே மண் மூடியது. அருவி இருக்கும் பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால், வெயில் அடித்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

விளிம்பில் நின்று படம் எடுப்பதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. பாசி படிந்த பாறை காய்ந்ததுபோலத் தெரியும், ஈரக்கால் பட்டதும் வழுக்கும். ரப்பர் செருப்பு இதற்கு உதவவே உதவாது. அடியில் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். கடைசிக் குளத்துக்குள் இறங்காமலே அந்தப் பள்ளத்தாக்கை முழுதாகப் பார்க்க முடியும். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவது, ஆழம் தெரியாமல் குதிப்பது, இரண்டும் உயிரோடு விளையாடுவது.

பிற்பகலில் ஏறத் தொடங்குவதும் தவறு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பிற்பகல் இடிமழை வழக்கம்; அந்த வெட்டவெளியில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணிக்குள் பொழுது சாய்ந்து சட்டென இருட்டிவிடும். காலை ஏழு மணிக்கே நடக்கத் தொடங்கினால் கூட்டமும் இராது.

அப்புறம், சோப்பும் ஷாம்பூவும். மேல் குளத்தில் கரைப்பது கீழே ஓடுகிறது. அதே ஆற்றை நம்பிக் குளிக்கிறவர்களும் பயிர் செய்கிறவர்களும் கீழே இருக்கிறார்கள். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். காய்ந்த மாதங்களில் புல்வெளியில் நெருப்பு மூட்டவே கூடாது, ஒரு சிகரெட் துண்டே மலையைக் கொளுத்திவிடும்.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990, இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் நனைந்து போனாலும் பக்கத்தில் இருப்பவரின் ஃபோனில் அழைக்கலாம்.