வீட்டு சிமுலேட்டரில் பழகிவிட்டு விமானப் பயிற்சிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பதால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அதிகம். போன மாதம் மண்டபத்துப் பையன்கள் இரண்டு பேர் லேப்டாப்பும் ஜாய்ஸ்டிக்குமாக வீட்டுக்கு வந்தார்கள். ஓட்டிக் காட்டிய ஐந்தே நிமிடத்தில் என் பழைய தவறுகள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. செக்லிஸ்ட்டை மறப்பது மாதிரியான சின்னச் சங்கதிகளைப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார், அதை விடுங்கள்.

முள்ளைத் துரத்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கிற தவறு இது. திரையில் வெளிக்காட்சி கொஞ்சம்தான், உடம்புக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் கண் கருவிகளிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் முள்ளோ சில நொடி பிந்தித்தான் சரியான கணக்குக்கு வரும். அது இறங்குகிறதென்று மூக்கைத் தூக்குவோம், முள் நிமிர்வதற்குள் அதிகமாகத் தூக்கியிருப்போம். உடனே அமுக்குவோம். கச்சான் காற்றில் அகப்பட்ட வள்ளம் மாதிரி விமானம் ஏறி இறங்கும்.

செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் முதல் நான்கு மணி நேரம் நான் இப்படித்தான் ஓட்டினேன். அந்த நான்கு மணி நேரத்தின் விலை அம்மாவின் வளையல்கள். ஐந்தாவது முறை பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கருவிகளை மூடினார். "இப்ப ஓட்டு" என்றார். எனக்குக் கை வேர்த்தது. தாளை எடுத்தபோது உயரம் 50 அடிகூட மாறவில்லை!

பாம்பனில் என் சித்தப்பா படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் கரை திரும்பும்போது அவர் கண் கலங்கரை விளக்கத்தின் மேல்தான்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். திரையின் கீழ்ப்பாதியில் தாள் ஒட்டுங்கள். நேராகப் பறக்கும்போது முன்பலகைக்கும் அடிவானத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 172இல் ஏறக்குறைய நாலு விரல். அதைப் பிடித்துவைத்து, இன்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைத்து, அப்புறம் டிரிம் செய்யுங்கள், அதாவது கை அழுத்தாமலே மூக்கு அப்படியே நிற்கும்படி சரிசெய்யுங்கள். முள்ளைச் சரிபார்க்க மட்டும் ஒரு பார்வை போதும். (பாக் நீரிணைப் பக்கம் சில காலை நேரங்களில் மூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகிவிடும். அப்போது கருவிதான் துணை. அது தனிப் பயிற்சி, பிறகு வரும்.)

பாஸ் பட்டன்

ஓட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கிற அந்த வசதி வானத்தில் கிடையாது.

தானியங்கி ரடர்

மூக்கை இடம் வலமாகத் திருப்புகிற, காலால் இயக்கும் வால் தகடுதான் ரடர். சிமுலேட்டர் அதைத் தானே இயக்குவதை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். முழு வேகத்தில் ஓடும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் அதைப் பிடிக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகிறவர்கள் நிறைய.

மணிக்கணக்கு

வீட்டில் ஓட்டிய நேரம், பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் ஏறாது. வணிக விமானி உரிமத்துக்கான 200 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட.

பயிற்றுநரிடம் மறைப்பது

சிமுலேட்டர் பழக்கத்தை வெட்கப்பட்டு நான் சொல்லவில்லை. என் கண் ஏன் உள்ளேயே இருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்கத்தான் அந்த நான்கு மணி நேரம் போனது. முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஐந்து பேரிடம் யோசனை கேட்டுக் குழம்பவும் வேண்டாம், கூட உட்கார்ந்து பறக்கிறவர் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த இரண்டு பையன்களில் சின்னவன் தன் தரையிறக்கங்களைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தான். பன்னிரண்டும் பஞ்சில் வைத்த மாதிரி இறங்கின.

"சரி, மோசமா இறக்குனது எங்க தம்பி?"

"அழிச்சுட்டேண்ணே."