வெண்டைச் சாம்பல் நோய்: தைலம் அடித்தும் கேட்காததன் காரணம்

வெண்டை இலையில் வெள்ளைப் பொடி. லிட்டருக்கு 2 மில்லி எலுமிச்சைப்புல் தைலத்தைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து அடித்தேன், அடங்கவில்லை. 4 மில்லியாக்கினேன், இலை கருகியது. வெயில்தான் காரணமென்று மாலையில் அடித்தும் அதே கதை.

பிறகுதான் கவனித்தேன்: ஒவ்வொரு டேங்கிலும் கடைசியாக அடித்த செடிகள் மட்டுமே கருகியிருந்தன. ஸ்பிரேயர் அடியிலிருந்து உறிஞ்சும். மேலே மிதக்கும் தைலம் கடைசியில் மொத்தமாக வரும். போர் தண்ணீரின் உப்பில் சோப்பு திரிந்து, தைலம் பிரிந்திருக்கிறது.

சோப்பைக் கைவிட்டேன். 2 மில்லி தைலத்தோடு 2 மில்லி ட்வீன் 80-ஐ (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் திரவம்) முதலில் நன்றாகக் குழைத்து, அப்புறம் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றி லிட்டராக்கினேன். பால் போல வந்தது. கண்ணாடி டம்ளரில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்; மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் அடிக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை, மூன்று தடவை, இலையின் அடிப்பக்கமும் நனைய அடித்தேன். புதுத் துளிரில் பொடி ஏறவில்லை. அப்பாடா!