தேசியப் பூங்கா மூடியிருக்கும்போது கலிஃபோர்னியா கடலோரப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் செலவு மசோதா நிறைவேறாவிட்டால் மத்திய அரசு முடங்கும். அதோடு தேசியப் பூங்காக்களும் முழுதாகவோ பாதியாகவோ மூடப்படும். 2013 அக்டோபரில் 16 நாள், 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள், 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் என்று இது திரும்பத் திரும்ப நடக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கடலோரச் சாலையான நெடுஞ்சாலை 1-இல் தெற்கே போகலாம் என்றிருந்தவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டதும் ஹோட்டலையும் வாடகைக் காரையும் ரத்து செய்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். அந்தக் கடற்கரையில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி மத்திய அரசின் கையில் இல்லை.

திட்டத்தில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே, இது யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மியூர் வுட்ஸ், பாயின்ட் ரேயஸ், மரின் ஹெட்லேண்ட்ஸ் எல்லாம் தேசியப் பூங்காச் சேவையுடையவை. ஆனால் பாயின்ட் லோபோஸ், கடலோரத்திலேயே விழும் மெக்வே அருவி, ஹர்ஸ்ட் மாளிகை ஆகியவை மாநிலப் பூங்காக்கள். வாஷிங்டனில் என்ன நடந்தாலும் அவற்றின் நிர்வாகம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் இருக்கிறது. கோல்டன் கேட் பாலத்துக்குத் தனி அமைப்பு உண்டு. மான்டரே பே மீன்காட்சியகம் லாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துவது. 17 மைல் டிரைவ் கட்டணம் வாங்கும் தனியார் சாலை.

பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். கார்மலுக்குத் தெற்கே பிக் சர் என்ற மலைக் கடற்கரைப் பகுதியில் ஃபைஃபர் பிக் சர் மாநிலப் பூங்கா இருக்கிறது. கொஞ்ச தூரத்தில், ஊதா நிற மணலும் நடுவில் துளை விழுந்த பாறையும் கொண்ட ஃபைஃபர் கடற்கரை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது லாஸ் பாட்ரெஸ் தேசிய வனத்துக்குள் வருகிறது. அதாவது மத்திய அரசின் நிலம். சான் சிமியோனுக்கு வடக்கே பியட்ராஸ் பிளாங்காஸிலும் இதே கதைதான். கலங்கரை விளக்கம் மத்திய அரசுடையது, பக்கத்தில் யானை சீல் எனும் பெரிய கடல் பாலூட்டிகளைப் பார்க்கும் நடைமேடை மாநிலத்துடையது. மியூர் வுட்ஸ் பூட்டியிருந்தால் வானுயர்ந்த ரெட்வுட் மரங்களே கிடைக்காது என்றும் நினைக்க வேண்டாம். சாந்தா குரூஸ் அருகே ஹென்றி கவல் மாநிலப் பூங்காவில் முதிர்ந்த ரெட்வுட் தோப்பு இருக்கிறது; சமதளமான வட்டப்பாதை, வயதானவர்களும் நடக்கலாம். என்னைக் கேட்டால், மியூர் வுட்ஸ் திறந்திருக்கும் நாளில்கூட அங்கேதான் அனுப்புவேன்.

தேசியப் பூங்காக்களின் வருடாந்தர பாஸ் மாநிலப் பூங்காவில் செல்லாது. வாசலில் காருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

போன தடவை எப்படியோ இந்தத் தடவையும் அப்படித்தான் என்று எண்ணுவது அடுத்த தவறு. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் தேசியப் பூங்காச் சேவையின் கையில் உள்ள அல்கட்ராஸ் சிறைத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அங்கே யாரும் போக முடியவில்லை. 2025-இல் படகுப் பயணங்கள் தொடர்ந்து நடந்தன. முடக்கக் காலத்தில் தேசியப் பூங்காக்களின் இணையதளத்தை அன்றாடம் புதுப்பிக்க ஆள் இருக்காது. அதில் ‘திறந்திருக்கிறது’ என்று இருப்பதை நம்பி இரண்டு மணி நேரம் ஓட்டிப் போகாதீர்கள். படகு நிறுவனத்தையோ பக்கத்து ஊர் விடுதியையோ அழைத்து விசாரித்தால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

மிகவும் கவலை தருவது இன்னொன்று. தடுப்பு இல்லை, காவலர் இல்லை, உள்ளே போகலாம் என்ற துணிச்சல். 2019 ஜனவரியில் பாயின்ட் ரேயஸில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஊழியர்கள் வேலைக்கு வராத நேரம், புயல் வேறு. யானை சீல்கள் கூட்டமாக டிரேக்ஸ் கடற்கரைக்கு ஏறி வந்து, வாகன நிறுத்துமிடம் வரை பரவி, அங்கேயே குட்டி போட்டன. வளர்ந்த ஆண் யானை சீல் இரண்டு டன்னுக்கு மேல்கூட எடை இருக்கலாம், மணலில் நாம் நினைப்பதைவிட வேகமாக நகரும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் குழந்தைகளோடு நிற்பது விளையாட்டல்ல. வட கலிஃபோர்னியாக் கரையில் திடீரென்று எழும் பேரலை பாறைமேல் நிற்பவர்களை இழுத்துப் போய்விடும். உதவிக்கு வருவோர் குறைந்த நாளில் அந்த ஆபத்து இன்னும் பெரிது. கழிப்பறை பூட்டியிருக்கும், குப்பை அள்ளப்படாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்ப எடுத்து வாருங்கள்.

பூங்காவைப் பற்றியே விசாரித்துக்கொண்டு சாலையை மறந்துவிடுவதும் உண்டு. கார்மலுக்கும் சான் சிமியோனுக்கும் இடையே சுமார் 90 மைல், மலைச்சரிவைக் குடைந்து போட்ட பாதை. 2017 மே மாதம் மட் கிரீக்கில் மலையே சரிந்து, சாலை மறுபடி திறக்க 2018 ஜூலை ஆகிவிட்டது. 2024-இல் ரீஜென்ட்ஸ் ஸ்லைடு என்ற இடத்தில் இன்னொரு பெரிய சரிவு. இதற்கும் அரசு முடக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை; சாலை மாநிலத்தின் கால்டிரான்ஸ் துறையுடையது. புறப்படும் நாள் காலையில் சாலை நிலவரம் காட்டும் அவர்களுடைய இணைய வரைபடமான குவிக்மேப்பைப் பாருங்கள். நடுவில் அடைப்பு இருந்தால் கடலை விட்டு உள்ளே தள்ளிப் போகும் நெடுஞ்சாலை 101-இல் சுற்றித்தான் போக வேண்டும். கார்மலிலோ கேம்பிரியாவிலோ டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். இடையில் பெட்ரோல் நிலையம் குறைவு, விலை அதிகம். பல மைல்களுக்கு மொபைல் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலிருந்து தெற்கே ஓட்டினால் கடல் உங்கள் தடத்தை ஒட்டி வலப்பக்கம் இருக்கும். எதிர்த் தடத்தைக் கடக்காமலே காட்சி முனைகளில் ஒதுங்கலாம். மெதுவாக ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுக்கிடத்தில் நின்று வழிவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம்.

பூங்கா மூடிய நாளில் எல்லோரும் ஒரே மாற்று இடத்துக்குத்தான் திரும்புவார்கள். பாயின்ட் லோபோஸில் காலை நடுப்பகுதிக்குள் வாகன நிறுத்துமிடம் நிறைந்துவிடும், ஆகவே வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். ஹர்ஸ்ட் மாளிகைக்கு முன்பதிவு செய்யுங்கள். சாந்தா குரூஸுக்கு வடக்கே ஆன்யோ நூவோ மாநிலப் பூங்காவில் டிசம்பர் 15 முதல் மார்ச் 31 வரை யானை சீல் பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், அதற்கும் முன்பதிவு வேண்டும். முகாமிடம் கிடைக்காவிட்டால் காரிலேயே படுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு பிக் சருக்குப் போகாதீர்கள். சாலிநாஸ் போன்ற, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் அறை எடுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள்.

முடக்கம் முடிந்த மறுநாளே எல்லாம் பழையபடி இருக்கும் என்று நாள் குறிக்கவும் வேண்டாம். டிரேக்ஸ் கடற்கரையில் ஊழியர்கள் திரும்பிய பிறகும் சீல்கள் நகரவில்லை. பூங்கா அந்தச் சாலையை மூடியே வைத்திருந்து, பிறகு வார இறுதிகளில் மட்டும் வழிகாட்டிகளை அமர்த்தி மக்களை அனுமதித்தது. குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள்.