நீலகிரி எக்ஸ்பிரஸில் தூங்கி, மலை ரயிலில் ஊட்டி: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

போன ஜனவரியில் அம்மாவை ஊட்டிக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி உண்டு. ஏசி பெட்டியில் ஒரு ராத்திரி முழுக்கப் போனதே கிடையாது. ஊர் திரும்பியதிலிருந்து சித்தி, பெரியம்மா, அக்கா வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக "எதுல போனீங்க, எப்படி புக் பண்ணின?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் பயணத்தின் வடிவத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இதில் இரண்டு வண்டிகள். முதலாவது 12671 நீலகிரி எக்ஸ்பிரஸ். சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணி தாண்டிக் கிளம்பி, மறுநாள் காலை 6:15 வாக்கில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும். இரண்டாவது 56136 மலை ரயில். அதே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் காலை 7:10க்குக் கிளம்பி, 46 கிலோமீட்டர் ஏறி, மதியம் 12 மணிக்குச் சற்று முன்பு ஊட்டியில் நிற்கும். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம்!

நீலகிரி எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசிக்குக் கொடுக்கும் பணம் முழுக்க தூக்கத்துக்குக் கொடுக்கும் பணம் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஐந்து மணி நேரமும் ஜன்னலில் கண் வைத்திருக்க வேண்டும். ராத்திரி சரியாகத் தூங்காதவர்கள் மலை ரயிலில் ஏறியதும் தலையைச் சாய்த்துவிடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கீழே சொல்கிற எல்லாமே ராத்திரி நன்றாகத் தூங்கி, காலையில் தெளிவாக விழித்திருப்பதற்காகத்தான்.

படி 1: தேதியைத் தாளில் எழுதுங்கள்

சிரிக்காமல் தாளும் பேனாவும் எடுங்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நீங்கள் ஜனவரி 9 இரவு சென்னையில் ஏறினால், மலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டிய தேதி ஜனவரி 10. பல வருஷங்களுக்கு முன் முதல் தடவை போனபோது இரண்டுக்கும் ஒரே தேதி போட்டுவிட்டேன். சென்ட்ரலில் வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் டிக்கெட்டைச் சரியாகப் பார்த்தேன். என் மலை ரயில் அன்று காலையிலேயே போய்விட்டிருந்தது. அந்த முறை ஊட்டிக்குப் பஸ்ஸில்தான் போனேன்.

முன்பதிவு, பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். இரண்டு வண்டிக்கும் பயணத் தேதி ஒரு நாள் தள்ளி இருப்பதால், முன்பதிவும் ஒரு நாள் தள்ளித்தான் திறக்கும். முதல் நாள் காலை நீலகிரி எக்ஸ்பிரஸ், மறுநாள் காலை மலை ரயில் என்று இரண்டு நாளும் 8 மணிக்குத் தயாராக உட்காருங்கள். ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் உங்கள் கணக்கை ஆதாரோடு இணைக்கும் வேலையை முந்தின வாரமே முடித்துவிடுங்கள்.

இரண்டில் கிடைக்கக் கடினமானது மலை ரயில்தான். பெட்டிகள் குறைவு; ஏப்ரல், மே மாதங்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் மளமளவென்று தீர்ந்துவிடும். அது கிடைக்காமல் போனால் நீலகிரி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேறு நாள் பாருங்கள். பயணத்துக்கு நிறைய நாள் முன்பே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு. முடிந்தால் வார நடுவில் போங்கள். செவ்வாய் இரவு ஏறி புதன் காலை மலையேறுவது எனக்குப் பிடித்த கணக்கு.

மாதம் எது? என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி. குளிரும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாவது அடிக்கடி நடக்கும்.

படி 2: எந்த வகுப்பு?

முதல் வகுப்பு ஏசியில் இரண்டு வகை அறைகள் உண்டு. இரண்டு பெர்த் கொண்டது கூப்பே, நான்கு பெர்த் கொண்டது கேபின். இரண்டுக்கும் உள்ளிருந்து தாழிடும் கதவு உண்டு. படுக்கை மற்ற வகுப்புகளைவிட அகலம். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் நடைபாதையில் போகிறவர்களின் பேச்சும், பக்கத்துப் பெர்த்தின் போன் வெளிச்சமும் உள்ளே வராது. மூன்றடுக்கு ஏசியைவிடக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் வரும். அதில் முக்கால்வாசி அந்தக் கதவுக்குத்தான் என்பேன்.

புக் செய்யும்போது கூப்பே வேண்டுமா, கேபின் வேண்டுமா என்று விருப்பம் தெரிவிக்கலாம். ஆனால் டிக்கெட்டில் பெர்த் எண் வராது. வண்டி கிளம்பச் சில மணி நேரம் முன்பு பயணிகள் பட்டியலான சார்ட் தயாராகும்போதுதான் அறை ஒதுக்குவார்கள். "கன்ஃபர்ம் என்று இருக்கிறது, நம்பரைக் காணோமே" என்று பதற வேண்டாம்.

- கணவன் மனைவி, அல்லது இரண்டு பேர்: முதல் வகுப்பு ஏசி, கூப்பே விருப்பம்.
- நான்கு பேர் குடும்பம்: கேபின். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.
- தனியாகப் போகிறவர்: இரண்டடுக்கு ஏசியில் கீழ் பெர்த். தனி ஆளுக்கு முதல் வகுப்பில் யாரோடு அறை விழும் என்று சொல்ல முடியாது.

முதல் வகுப்பு ஏசியில் கடைசி நேரத் தட்கல் டிக்கெட் இல்லை, உட்கார மட்டும் இடம் தரும் ஆர்ஏசியும் இல்லை. பெர்த்களும் சொற்பம். அதனால் வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

எங்களுக்குக் கேபின்தான் விழுந்தது. அதில் அம்மாவுக்கு மேல் பெர்த். எதிரே இருந்தவரிடம் "அண்ணா, அம்மாவுக்கு முட்டி வலி, கீழே படுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் கேக்கணுமா, படுங்கம்மா" என்று அவரே தலையணையை எடுத்து மேலே போட்டுக்கொண்டார். டிடிஆர் வந்ததும் மாற்றிக்கொண்டதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

படி 3: மூட்டை

சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் வேண்டாம். நீலகிரி எக்ஸ்பிரஸில் அது பெர்த்துக்கு அடியில் போய்விடும். மலை ரயிலில் எதிரெதிர் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்காருவோம். அங்கே அதை வைக்க இடமே இருக்காது. ஆளுக்கு ஒரு முதுகுப் பை போதும்.

படுக்கை விரிப்பு, தலையணை, கம்பளி ஏசியில் அவர்களே தருவார்கள். ஸ்வெட்டரை மட்டும் கைப்பையில் மேலாகவே வையுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி ஸ்டேஷன் 2,200 மீட்டரில். ஒரே காலையில் அவ்வளவும் ஏறுகிறோம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுங்கள்; ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருக்கிறது.

படி 4: ஏறும் இரவு

எட்டரைக்குள் சென்ட்ரலில் இருங்கள். மெட்ரோவில் வந்தால் ஸ்டேஷன் வாசலிலேயே இறங்கலாம். சாப்பாட்டை வீட்டிலோ ஸ்டேஷனிலோ முடித்துவிட்டு ஏறுவது நல்லது. வண்டிக்குள் பொட்டலத்தைப் பிரித்தால் தூங்கப் பதினொன்று ஆகிவிடும். நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்தே முடித்தோம்.

ஏறியதும் பையைப் பெர்த்துக்கு அடியில் தள்ளி, விரிப்பைப் போட்டு, அடையாள அட்டையைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். டிடிஆர் பார்த்துவிட்டுப் போனதும் கதவுக்குத் தாழ்ப்பாள், விளக்குக்கு விடை. ஏசி நள்ளிரவுக்கு மேல் நன்றாகக் குளிரும். கால்களுக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். அம்மா ஈரோடு தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்கினார்.

படி 5: கோயம்புத்தூரில் இறங்காதீர்கள்

விடியும் முன்பே வண்டி கோயம்புத்தூரில் நிற்கும். பாதி வண்டி காலியாகும். அந்தச் சத்தத்தில் விழித்து, நாமும் இறங்க வேண்டுமோ என்று பை தூக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். நமக்குக் கடைசி ஸ்டேஷன் மேட்டுப்பாளையம். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆனால் மறுபடி படுக்கவும் வேண்டாம். கூட்டம் குறைந்த அந்த நேரத்தில் பல் துலக்கி, முகம் கழுவி முடித்தால் மேட்டுப்பாளையத்தில் அலைய வேண்டியதில்லை. காரமடை தாண்டியதும் ஜன்னல் வழியே பாருங்கள். இருட்டு வெளுக்கும்போது மலை முதலில் மேகம் மாதிரித்தான் தெரியும்.

படி 6: மேட்டுப்பாளையத்தில் ஐம்பது நிமிடம்

மலை ரயில் அதே ஸ்டேஷனில்தான் நிற்கும், வெளியே போகத் தேவையில்லை. முதலில் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். மலை ரயிலுக்குள் கழிப்பறை கிடையாது. அப்புறம் இட்லி, டீ. அதற்குப் பிறகும் நேரம் இருந்தால் வண்டியின் கடைசிவரை நடந்துபோய் எஞ்சினைப் பாருங்கள். ஆமாம், கடைசிவரை. மலையேறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும்.

படி 7: மலை ரயில்

கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண வண்டி போலவே ஓடும். கல்லாறில்தான் எல்லாம் மாறுகிறது. தண்டவாளத்தின் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்துப் பக்கமாக ஆரம்பிக்கும். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும்படி அமைத்திருப்பார்கள். எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது அடுத்ததை ஏற்கெனவே கவ்வியிருக்கும். இது குன்னூர் வரை தொடரும். ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி. பற்சக்கரத்துக்கென்று எஞ்சினில் தனி சிலிண்டர்கள் உண்டு. அவை வேலை செய்ய ஆரம்பித்ததும் சத்தம் இரட்டிப்பாகும். பெஞ்சில் கை வைத்தால் அந்தக் கடகடப்பு உள்ளங்கையில் தெரியும். அம்மா என் கையைப் பிடித்து அவர் பக்கத்துப் பலகையில் வைத்து, "இங்க பாரு, பல்லு கடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையான பாதை 1899இல் திறந்தது. ஊட்டியை எட்டியது 1908இல். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. மொத்தம் 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. அதே வகையில் புதியவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நிற்கும் பிரேக்காரர்களைக் கவனியுங்கள். கொடி காட்டுவதும் கைப்பிடியைச் சுற்றுவதுமாக அவர்கள் வேலை நடந்துகொண்டே இருக்கும். குகை வந்ததும் வண்டி முழுக்க "ஓ..." என்று கத்தும். நீங்களும் கத்துங்கள்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிக் கால் நீட்டலாம். தின்பண்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். ஸ்வெட்டர் போடவும் டீ குடிக்கவும் அதுதான் நேரம். அதற்குப் பிறகு வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்கள் படிப்படியாக இறங்கும். அங்கே போனை உள்ளே வைத்துவிட்டு வெறுமனே பாருங்கள்.

மலை ரயில் ரத்தானால்

முந்தின நாளே ரயில்வே விசாரணை எண் 139இல் விசாரியுங்கள். வண்டி முழுதாக ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாகவே திரும்பி வரும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊட்டிக்குப் பஸ் பிடித்தால் குன்னூர் வழியாக மதியத்துக்குள் போய்விடலாம். ரயிலிலோ பஸ்ஸிலோ வருகிறவர்களுக்கு நீலகிரிக்குள் நுழைய வாங்கும் இ-பாஸ் தேவையில்லை. அது சொந்த வண்டியிலும் வாடகைக் காரிலும் வருகிறவர்களுக்கு.

திரும்பும்போது

ஊட்டியிலிருந்து மலை ரயில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5:35க்கு மேட்டுப்பாளையம் வரும். சென்னை போகும் 12672 நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு அதன்பின் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இந்த இரண்டும் ஒரே நாளில் வருவதால், திரும்பும் டிக்கெட்டுகளுக்கு மட்டும் ஒரே தேதி போடலாம். தாளில் அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.