குடும்பக் குழுவுக்கு வந்த மருத்துவச் செய்தியைச் சரிபார்ப்பது எப்படி

"இந்தக் கஷாயத்தை நாற்பது நாள் குடித்தால் சர்க்கரை போய்விடும். டாக்டர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்."

இப்படி வரும் செய்தியில் இரண்டாவது வரிதான் அதிகம் கெடுக்கும். அதை நம்பியவர் மாத்திரையை நிறுத்திவிடுவார், நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்.

முதலில் வாட்ஸ்அப்பில் செய்தியின் மேலே உள்ள குறியைப் பாருங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப வாட்ஸ்அப் விடுகிறது. குறி இல்லையென்றால் நம்பலாம் என்றில்லை. எடுத்து ஒட்டி அனுப்பினால் குறி போய்விடும்.

அடுத்து, சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பிரித்தெடுங்கள். குரல் பதிவாக இருந்தால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: யார் சொன்னார், எந்த மருத்துவமனை, எந்த மருந்து. அதைத் தமிழில் மட்டும் தேடினால் பெரும்பாலும் அதே செய்தியின் நகல்கள்தான் வரும், பத்து இடத்தில் இருக்கிறதே என்று நம்பிக்கை கூடிவிடும். மறுப்புகள் அதிகம் ஆங்கிலத்தில்தான் வெளியாகின்றன. அதனால் மருந்தின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டு இன்னொரு முறை தேடுங்கள்.

டாக்டர் பெயர் இருந்தால், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடலாம். சிறப்புத் துறையையும் பாருங்கள். எலும்பு மருத்துவர் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்வதை அந்தத் துறைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்வது நல்லது. சென்னை மருத்துவர் இந்தப் பதிவேட்டில் இருக்கமாட்டார், அதனாலேயே அவர் போலி ஆகிவிடமாட்டார்.

படம் முன்பு எங்கே வந்தது என்று பார்க்க, படத்தை வைத்தே தேடும் கூகல் லென்ஸ் போதும். காணொளி என்றால் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் திரைப்பிடிப்பு எடுத்துத் தேடுங்கள். பழைய காட்சிக்குப் புதிய தலைப்பு ஒட்டியிருப்பதுதான் வழக்கமான வேலை.

மூட்டுவலிப் பொடி, லேகியம் விற்கும் செய்தி என்றால் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் (HSA) வெளியிடும் எச்சரிக்கைகளில் பெயரைத் தேடுங்கள். ஓரிரு நாளிலேயே வலி பறந்துபோனால் மகிழாதீர்கள். இரகசியமாக ஸ்டீராய்டு கலந்த பொருள்களை ஆணையம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். பணமோ வங்கி விவரமோ கேட்கும் செய்தி மோசடியா என்று சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-இல் கேட்கலாம்.

உண்மையைக் கண்டுபிடிப்பது சுலபம், பெரியப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம். குழுவில் எல்லார் முன்னும் திருத்தாதீர்கள். "இதைக்கூடவா நம்புவீங்க" என்ற ஒரு வார்த்தை போதும், படித்தவர்கள் எல்லாரும் நம்மை மட்டம் தட்டுகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு உறுதியாகிவிடும். தனியாகப் பேசுங்கள். பொய்யைத் திரும்பச் சொல்லாமல் சரியானதில் தொடங்குங்கள்:

"பெரியப்பா, சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. அந்தச் செய்தியில சொன்னதுக்கு எங்கேயும் ஆதாரம் இல்லை. அடுத்த தடவை பாலிகிளினிக் போறப்ப நானும் வர்றேன், கஷாயத்தைப் பத்தி நேர்லயே கேட்டுடலாம்."

அவர் ஒத்துக்கொண்டால் செய்தியை எல்லாருக்குமாக நீக்க உதவுங்கள். அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாகவே அவகாசம் உண்டு. அது கடந்திருந்தால், அவர் எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினாரோ அங்கெல்லாம் அவர் பெயரிலேயே ஒரு வரித் திருத்தம் போகட்டும்.